மடங்கு கூரை காரில் கூரை நகராமல் நின்றுவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொத்தானை அழுத்தியதும் மடிந்து இருக்கைகளுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும் கூரை, ஒரு நாள் எவ்வளவு அழுத்தியும் அசையாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதற்கான விடைகள் இவை. 2002 முதல் 2008 வரை தயாரான முதல் தலைமுறை பி.எம்.டபிள்யூ இசட்4 காரை, அதாவது இ85 என்று குறிக்கப்படும் காரை, பல விடைகளுக்கு உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். கூரை ஏன் நிற்கிறது என்பதை அந்தக் காரைப் போலத் தெளிவாகக் காட்டும் கார் வேறு இல்லை என்பதே காரணம். வேறு காருக்கு மட்டும் உரிய செய்தி என்றால் அதன் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. பம்ப் போய்விட்டதா?

அந்த முடிவுக்கு இப்போதே வர வேண்டாம். கூரையை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, தான் கேட்கும் நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறினால்தான், கூரையை ஆயிலின் அழுத்தத்தால் (ஹைட்ராலிக் முறையில்) அசைக்கும் பம்புக்கு மின்சாரம் அனுப்பும். ஒன்று குறைந்தாலும் எந்தச் சத்தமும் இல்லாமல் மறுத்துவிடும். டிக்கி முழுமையாக மூடியிருக்க வேண்டும். கூரை டிக்கிக்குள் மடியும் கார்களில், சாமான்களுக்கும் கூரைக்கும் நடுவே உள்ள திரை அதன் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும், மெர்சிடிஸ் எஸ்.எல்.கே., பியூஜோ 206 சிசி, ஃபோக்ஸ்வாகன் இயோஸ் ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தும். விமான நிலையத்தில் பெட்டிகளை அடைப்பதற்காகத் திரையை எடுத்துவிட்டு, மறுநாள் கூரை கெட்டுவிட்டது என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போனவர்கள் நிறையப் பேர். முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரில் ஹேண்ட் பிரேக் இழுத்திருக்க வேண்டும், முன்கண்ணாடிக்கு மேலுள்ள கொக்கியைக் கையால் விடுவித்திருக்கவும் வேண்டும்.

வேகத்துக்கும் வரம்பு உண்டு. இன்றைய மினி கன்வெர்ட்டிபிள் மணிக்கு 30 கிலோமீட்டர் வரையிலும், மூன்றாம் தலைமுறை இசட்4 மணிக்கு 50 கிலோமீட்டர் வரையிலும் ஓடிக்கொண்டே கூரையைத் திறக்க விடும். பழைய கார்கள் பலவற்றில் வண்டி நின்றால்தான் கூரை அசையும். காரோடு வந்த கையேட்டில் இந்த நிபந்தனைகள் ஒரே பக்கத்தில் இருக்கும். ஸ்பானரைத் தேடுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: நிபந்தனைகள் எல்லாம் சரி. கோளாறு எங்கே என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

பெருமளவுக்கு முடியும், அதற்கு முதல் கருவி காதுதான். இன்ஜினை அணைத்து, இக்னிஷனை மட்டும் போட்டு, ஏசி மின்விசிறியையும் பாட்டையும் நிறுத்திவிட்டு, ஒருவர் பொத்தானை அழுத்த இன்னொருவர் காரின் பின்பகுதியில் காது வைத்துக் கேட்க வேண்டும்.

முழு நிசப்தம் என்றால் ஆணையே பம்பை நோக்கிக் கிளம்பவில்லை என்று பொருள்: நிபந்தனை, ஃபியூஸ், பொத்தான், கட்டுப்பாட்டுப் பெட்டி என்ற வரிசையில் பாருங்கள். "டிக்" என்று ரிலே, அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ஸ்விட்ச், தட்டும் ஓசை மட்டும் கேட்டு அதன் பிறகு ஒன்றும் இல்லை என்றால், ஆணை ரிலே வரை வந்துவிட்டது; ரிலேயின் உட்புள்ளிகள் கருகியிருக்கலாம், மோட்டாருக்குப் போகும் வயர் அரித்திருக்கலாம், மோட்டாரே இறுகியிருக்கலாம். மோட்டாரின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பொத்தானை அழுத்தும்போது 12 வோல்ட் வந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் குற்றவாளி மோட்டார்தான். வோல்ட் வரவில்லை என்றால் மோட்டார் மேல் பழி போட முடியாது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் புதுப் பம்ப் வாங்கி மாட்டி, கூரை அப்படியே நிற்பதைப் பார்த்துத் திகைத்தவர்கள் உண்டு.

பம்ப் நன்றாக உறுமுகிறது, கூரை மட்டும் நகரவில்லை என்றால், ஹைட்ராலிக் ஆயில் குறைந்திருக்கிறதா, குழாயில் கசிவு இருக்கிறதா, முன்பு யாராவது அவசரத்துக்குத் தளர்த்திய அழுத்த விடுப்புத் திருகு இறுக்கப்படாமல் விடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்ச தூரம் போய், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால், அந்தக் கட்டத்தை உறுதிசெய்யும் மைக்ரோ ஸ்விட்ச் அல்லது சென்சார் தகவல் தரவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது என்றால் பேட்டரியையோ, கீல் அருகே மடங்கி மடங்கி உள்ளே அறுந்து தொட்டும் தொடாமலும் இருக்கும் வயரையோ சந்தேகிக்கலாம்.

கேள்வி: கார் ஸ்டார்ட் ஆகிறது. அப்படியிருந்தும் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டுமா?

ஆம். இன்ஜினைச் சுழற்றும் வேலை ஓரிரு விநாடியில் முடிந்துவிடும்; கூரையின் பம்ப் பத்து முதல் முப்பது விநாடி வரை இடைவிடாமல் மின்சாரத்தை உறிஞ்சுகிறது. சில மணி நேரம் ஓய்ந்திருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் அது நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி, 12.0க்குக் கீழே என்றால் கூரையைப் பற்றிப் பேசுவதற்கு முன் பேட்டரியைப் பற்றிப் பேச வேண்டும். பல கார்களில் கட்டுப்பாட்டுப் பெட்டி மின்னழுத்தம் குறைவதைக் கண்டதும், கூரை பாதி வழியில் இருந்தாலும், இயக்கத்தை நிறுத்திவிடும். வாரக் கடைசியில் மட்டும் வெளியே வரும் காராக இருந்தால் முதல் சோதனையாக இன்ஜினை ஓடவிட்டுக் கூரையை இயக்கிப் பாருங்கள்.

கேள்வி: முதல் தலைமுறை இசட்4 காரில் கூரை நிற்பதற்கு மழைநீர்தான் காரணம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அந்தக் காரில் கூரையை இயக்கும் ஹைட்ராலிக் பம்பும் மோட்டாரும் கூரை மடிந்து உட்காரும் குழியின் இடது அடிப்பகுதியில், பக்கச் சுவருக்கும் இருக்கைக்கும் நடுவே வைக்கப்பட்டிருக்கின்றன. கூரைத் துணியின் மேல் விழும் மழைநீர் ஓரமாக வழிந்து அதே குழிக்குள் இறங்கி, அடியில் உள்ள வடிகால் குழாய் வழியே காருக்குக் கீழே போக வேண்டும் என்பது ஏற்பாடு. இலை, பூந்தாது, மண் எல்லாம் சேர்ந்து வடிகாலின் வாயை அடைத்தால் தண்ணீர் அங்கேயே தேங்குகிறது. சத்தம் வெளியே கேட்காமல் இருக்க மோட்டாரைச் சுற்றி நுரைப் பஞ்சு உறை இருக்கிறது. தேங்கிய நீரை அது குடித்து வைத்துக்கொள்வதால், வெயில் வந்து மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் மோட்டார் ஈரத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. முதலில் கூரை மெதுவாகும். பிறகு மோட்டார் முனகும். பிறகு ஒரு நாள் நின்றே போகும். தண்ணீர் இறங்க வேண்டிய பள்ளத்தின் அடியில் மின்மோட்டாரை வைத்தது யாருடைய யோசனை என்று அந்தக் காரைக் கழற்றிய ஒவ்வொரு மெக்கானிக்கும் கேட்டிருப்பார்.

வேறு கார்களில் பம்ப் டிக்கியிலோ பின்னிருக்கைக்குப் பின்னாலோ இருக்கும். ஆனாலும் வடிகால் அடைபட்டால் கதை அதேதான். மோட்டாருக்குப் பதில் கட்டுப்பாட்டுப் பெட்டியோ வயர் இணைப்போ நனையும். நான் உதவிக்குப் போன ஒரு காரில், வேறு நிறுவனத்துடையது, இருக்கைக்குப் பின்னால் இருந்த தரைவிரிப்பை அழுத்தியதும் விரலைச் சுற்றி நீர் எழும்பியது. வடிகாலின் வாயிலிருந்து ஒரு பழைய தேக்கரண்டியால் தோண்டி எடுத்தது அரைக் கிண்ணம் கறுப்புச் சேறு. அதில் முளைவிட்டிருந்த ஒரு விதையும், தலைமுடி மாட்டும் ஒரு கிளிப்பும் இருந்தன. அந்த உரிமையாளர் அதற்கு முன்பே இரண்டு ரிலேக்களை மாற்றியிருந்தார்.

கேள்வி: வடிகாலை எப்படிச் சுத்தம் செய்வது?

கூரையைப் பாதி உயர்த்திய நிலையில் குழியின் இரு ஓரங்களையும் டார்ச் அடித்துப் பார்த்து, குப்பையைக் கையாலும் சிறிய வாக்குவம் கிளீனராலும் முதலில் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் தண்ணீரை ஊற்றினால் குப்பை குழாய்க்குள் இன்னும் ஆழமாகப் போய் இறுகிவிடும். பிறகு, புல்வெட்டும் இயந்திரத்தில் மாட்டும் கெட்டியான நைலான் நரம்பின் நுனியைத் தீயில் காட்டி மழுங்கச் செய்து, குழாய்க்குள் மெதுவாகச் செலுத்துங்கள். இரும்புக் கம்பி குழாயைக் கிழித்துவிடும். கம்ப்ரசர் காற்றை முழு வேகத்தில் அடித்தால் குழாய், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தன் இணைப்பிலிருந்து கழன்றுகொள்ளும். அதன் பிறகு மழைநீர் நேராகக் காருக்குள்தான் வரும். கடைசியில் அரை லிட்டர் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் காருக்கு அடியில் பாருங்கள். ஊற்றிய வேகத்தில் கீழே கொட்ட வேண்டும். மரத்தடியில் நிறுத்தும் காருக்கு இதை ஆண்டுக்கு இரண்டு முறை, குறிப்பாக இலை உதிர்ந்து முடிந்தவுடன், செய்ய வேண்டும்.

கேள்வி: மோட்டார் நீரில் நனைந்துவிட்டது. புதிதாகத்தான் வாங்க வேண்டுமா?

பல நேரங்களில் தேவையில்லை. அது சாதாரண நேர்மின்னோட்ட மோட்டார். துருவைச் சுரண்டி, தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மாற்றி, பேரிங்கைப் பார்த்துக் கொடுத்தால் ஓடும் மோட்டார்கள் ஏராளம். ஹைட்ராலிக் பம்ப் பகுதிக்குள் தண்ணீர் புகாமல் மோட்டார் மட்டும் கெட்டிருந்தால், மோட்டார் வேலைகளில் கைதேர்ந்த எலெக்ட்ரீஷியனால் இதைச் செய்ய முடியும். கடினம், அதை வெளியே எடுப்பதுதான். கூலியே பொருளின் விலையோடு போட்டி போடும். அவ்வளவு பாடுபட்டுக் கழற்றிய பிறகு பழுதுபார்த்த மோட்டாரைப் பழைய குழியிலேயே மறுபடி வைப்பது புத்திசாலித்தனமாகாது என்பதால், இசட்4 உரிமையாளர்கள் பலர் வயரை நீட்டிப் பம்பை டிக்கிக்குள் மாற்றி வைத்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் சத்தம் கூடும், டிக்கியில் கொஞ்சம் இடம் குறையும். என்னைக் கேட்டால் அதுவே சரியான வழி.

கேள்வி: கூரை பாதியில் நின்றுவிட்டது, மழை வரப்போகிறது. கையால் மூடலாமா?

மூடலாம், ஆனால் மோட்டாருக்கு எதிராக மல்லுக்கட்டி மூடக் கூடாது. ஹைட்ராலிக் கூரையில், கூரையைத் தள்ளும் சிலிண்டருக்குள் ஆயில் அடைபட்டிருக்கும்வரை அது பாறை மாதிரி நிற்கும். அந்த நிலையில் இழுத்தால் வளைவது கூரையின் இரும்புச் சட்டம். சட்டம் வளைந்தால் அதன் பிறகு எந்தப் பம்பாலும் கூரையை நேராகப் பொருத்த முடியாது. முதலில் இக்னிஷனை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இசட்4 போன்ற கார்களில் மின்சாரம் நின்றதும் வால்வுகள் திறந்து, சற்று நேரத்தில் கூரை கையசைவுக்கு இணங்கும். வேறு பல கார்களில் பம்பின் மேலேயே ஒரு விடுப்புத் திருகு இருக்கும். ஆலன் கீயால் அதைக் கையேடு சொல்லும் அளவுக்குத் தளர்த்தினால் ஆயில் சுதந்திரமாக ஓடும்.

அதன் பிறகு இரண்டு பேர், ஆளுக்கு ஒரு பக்கம் நின்று, ஒரே வேகத்தில் கூரையை முன்னால் கொண்டுவர வேண்டும். ஒருவராகச் செய்தால் ஒரு பக்கம் முந்திக்கொண்டு முறுக்கிக்கொள்ளும். முன்கண்ணாடிச் சட்டத்தின் நடுவே, உள்பக்கம், ஒரு சிறு மூடியைக் கழற்றினால் கொக்கியைத் திருப்புவதற்கான துளை பல மாடல்களில் தெரியும். அதற்குரிய கருவி டிக்கியில் உள்ள கருவிப் பையில் இருக்கும். பழைய காரை வாங்குகிறவர்கள் அந்தக் கருவி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. மூடி முடித்ததும், தளர்த்திய விடுப்புத் திருகை மறக்காமல் இறுக்கிவிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். பாதி வழியில் நிற்கும் கூரை எப்போதும் அப்படியே நிற்கும் என்று நம்பிவிடாதீர்கள். சில நிமிடங்களில் ஆயிலின் அழுத்தம் தானாகக் குறைந்து, கூரையோ, பின்பக்க மூடியோ, முன்னறிவிப்பு இல்லாமல் இறங்கும் கார்கள் உண்டு. உள்ளே கைவிட வேண்டுமானால் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டுக் கை வையுங்கள். கீல்களுக்கு நடுவே விரல் அகப்பட்டால் இயந்திரம் விரலுக்காக நிற்காது. பாதித் திறந்த கூரையோடு சாலையில் ஓட்டுவதும் வேண்டாம். காற்று உள்ளே புகுந்து கூரையைப் பிய்த்தெடுக்கும்.

கேள்வி: கூரை கோணலாக எழும்புகிறது, ஒரு பக்கம் மேலே போகிறது, மறுபக்கம் பின்தங்குகிறது.

உடனே பொத்தானிலிருந்து கையை எடுங்கள். 1996இல் வெளிவந்த முதல் பாக்ஸ்டரில் இது அடிக்கடி காணப்படும் கோளாறு. அதில் ஹைட்ராலிக் கிடையாது. நடுவில் உள்ள ஒரே மோட்டார், இரண்டு சுழல் கேபிள்கள் வழியாக இடமும் வலமும் உள்ள பல்சக்கரப் பெட்டிகளைச் சுற்றுகிறது. அங்கிருந்து தள்ளுதண்டுகள் கூரையை அசைக்கின்றன. தண்டின் நுனியில் உள்ள பிளாஸ்டிக் குமிழ்க்கிண்ணம் வயதாகி உடைந்தாலோ, கேபிள் தன் இடத்திலிருந்து நழுவினாலோ, ஒரு பக்கம் மட்டும் இயங்கும். அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டு மலிவானது. அது உடைந்த பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தால் நல்ல பக்கமும் வளைந்து செலவு பல மடங்காகும். ஹைட்ராலிக் கார்களில் இதே கோணல் தெரிந்தால் ஒரு பக்கச் சிலிண்டரின் சீல் கசிகிறதா என்று பாருங்கள். சிலிண்டரின் தண்டு ஆயில் பட்டுப் பளபளத்தால் கசிவு அங்கேதான்.

கேள்வி: கூரையை இயக்கும்போது தலைக்கு மேலிருந்து ஆயில் சொட்டியது. இது என்ன?

ஜாகுவார் எக்ஸ்கே8 வைத்திருப்பவர்கள் இதைப் "பச்சை மழை" என்ற பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்தே அழைக்கிறார்கள். டிக்கியில் உள்ள பம்பிலிருந்து முன்கண்ணாடிக்கு மேலுள்ள கொக்கி வரை மெல்லிய ஹைட்ராலிக் குழாய்கள் ஓடுகின்றன. குழாய் வயதாகி வெடித்தால், பச்சை நிற ஆயில் கண்ணாடிக்குப் பக்கத்திலிருந்து இருக்கைகளின் மேலும் நடுப் பெட்டியின் மேலும் கொட்டும். தோல் இருக்கையை உடனே துடைத்துவிட்டு, குழாயை மாற்றும்வரை கூரையை இயக்காதீர்கள். மாற்றும்போதே பம்பின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வையும் சேர்த்துப் பொருத்துவது அந்தக் காரில் பரவலான வழக்கம்.

கேள்வி: ஆயில் குறைந்திருந்தால் எதை ஊற்றலாம்?

கையேடு சொல்லும் ஆயிலை மட்டுமே. கைக்குக் கிடைத்த பிரேக் ஆயிலை ஊற்றினால், கனிம எண்ணெய்க்காகச் செய்யப்பட்ட ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டு, ஒரு கசிவு பத்துக் கசிவாகும். அளவு பார்க்கும்போது கூரை திறந்திருக்க வேண்டுமா மூடியிருக்க வேண்டுமா என்பதையும் கையேடு சொல்லும். தவறான நிலையில் பார்த்தால் அளவும் தவறாகத்தான் தெரியும்.

கேள்வி: பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு கூரை இயங்கவில்லை.

பக்கக் கண்ணாடிகளைப் பாருங்கள். கூரை நகர்வதற்கு முன் கண்ணாடிகள் கொஞ்சம் இறங்க வேண்டும். மின்சாரம் அறுபட்டதால் கண்ணாடி மோட்டார்கள் தங்கள் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் மறந்திருக்கும். ஒவ்வொரு கண்ணாடியையும் முழுக்க இறக்கிப் பொத்தானைச் சில விநாடிகள் விடாமல் பிடித்து, முழுக்க ஏற்றி அதேபோல் பிடித்தால், பல கார்களில் நினைவு திரும்பிவிடும்.

கேள்வி: என்னிடம் ஓபிடி ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைகளைப் படிக்கும் கருவி) இருக்கிறது. அது எந்தப் பிழையும் காட்டவில்லையே?

மலிவான ஸ்கேனர் இன்ஜினின் பிழைகளை மட்டும் படிக்கும். கூரையின் கட்டுப்பாட்டுப் பெட்டி தனியானது; அதோடு பேச அந்த நிறுவனத்தின் கார்களுக்கென்று உள்ள கருவி தேவை. அப்படிப்பட்ட கருவி கிடைத்தால் பிழைக் குறியோடு நிறுத்தாமல், ஒவ்வொரு ஸ்விட்சின் நிலையையும் நேரலையில் பார்க்கச் சொல்லுங்கள். கொக்கியைக் கையால் அசைக்கும்போது திரையில் மாறாத ஸ்விட்ச்தான் நீங்கள் தேடுவது.

கேள்வி: துணிக் கூரையைவிட உலோகக் கூரை அதிகமாகக் கெடுமா?

அசையும் உறுப்புகள் கூடுவதால் கெடும் வாய்ப்பும் கூடுகிறது. 1957 முதல் 1959 வரை விற்ற ஃபோர்டு ஸ்கைலைனரின் உலோகக் கூரையை இயக்க ஏழு மோட்டார்கள், பத்து ரிலேக்கள், பத்து எல்லை ஸ்விட்சுகள், ஏறத்தாழ 186 மீட்டர் வயர் தேவைப்பட்டன. கம்ப்யூட்டர் ஏதும் இல்லாமல், ஒரு ஸ்விட்ச் அடுத்ததை எழுப்ப, அது அதற்கடுத்ததை எழுப்ப என்று சங்கிலியாக வேலை நடந்தது. இன்றைய கார்களில் சங்கிலியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. ஒரு கண்ணி விடுபட்டால் எல்லாம் நிற்கும் என்பது மட்டும் மாறவில்லை. இசட்4 வரிசையில் 2009இல் உலோகக் கூரைக்கு மாறிய பி.எம்.டபிள்யூ, அடுத்த தலைமுறையில் துணிக்கே திரும்பியது.

கேள்வி: கடும் குளிரில் கூரையைத் திறக்கலாமா?

பின்ஜன்னல் பிளாஸ்டிக்காக இருந்தால் வேண்டாம்; குளிரில் விறைத்த பிளாஸ்டிக் மடிப்பில் வெடிக்கும். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, தொடக்கக் காலப் பாக்ஸ்டர் ஆகியவற்றில் அப்படிப்பட்ட ஜன்னல்தான். உறைந்த ரப்பர் பீடிங் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டும் கூரையைத் தடுக்கும். நனைந்த துணியை மடித்து வைப்பதும் கூடாது, பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: ஒர்க்‌ஷாப்பில் விடும்போது என்ன சொல்ல வேண்டும்?

"கூரை வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் முதலிலிருந்து தொடங்குவார், அந்த நேரத்துக்கும் நீங்கள்தான் பணம் கொடுப்பீர்கள். எந்தக் கட்டத்தில் நின்றது, என்ன ஓசை கேட்டது, பேட்டரி எத்தனை வோல்ட், அதற்கு முந்தைய நாள் மழையா, தரைவிரிப்பு ஈரமா, விடுப்புத் திருகை யாராவது தொட்டார்களா என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கூரை நிற்கும் காட்சியை, ஓசையும் கேட்கும்படி, கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போவது இன்னும் நல்லது. ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்ததும் ஒழுங்காகத் திறந்து மூடிக் காட்டுவது இந்தக் கூரைகளின் பழக்கம். பம்பை மாற்ற வேண்டும் என்று சொன்னால், மோட்டாரின் முனைகளில் மின்னழுத்தம் வந்ததா என்று கேளுங்கள். மாற்றிய பழைய பம்பைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்; அதைக் கவிழ்த்துப் பிடித்தால் தண்ணீர் வடிகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வடிந்தால், வடிகாலையும் சுத்தம் செய்தார்களா என்று கேட்காமல் காரை எடுத்து வராதீர்கள்.